பாலைவனச் சட்டையும் நம்ம ஊர்ப் புழுதியும்

பி.காம் படிக்கிறவனுக்கு ராணுவச் சட்டையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லாவற்றுக்கும் காரணம் என் வகுப்புத் தோழன் வாங்கிய ஒரு பேண்ட்.

அவனுக்கு ராணுவத்தில் சேர வேண்டும் என்று ஆசை. அக்னிவீர் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டு, தினமும் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடுகிறான். போன மாதம் பெரம்பலூர் கடைவீதியில் ஒரு 'மிலிட்டரி பேண்ட்' வாங்கினான். வெளிர் மஞ்சள் துணியில் பழுப்புப் பட்டைகள், நடுநடுவே கறுப்பும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள். "இது டெசர்ட் மாடல் தம்பி, பாலைவனத்துல போடுறது" என்று கடைக்காரர் சொன்னாராம். அதைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு என்னோடு அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்தான். முன்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தோம். பெரம்பலூர் வந்து இறங்கும்போது அவன் பேண்ட், என் சட்டை, பக்கத்து சீட்டுப் பெரியவரின் வேட்டி எல்லாம் ஒரே நிறம்!

டீக்கடையில் எங்கள் தெரு ஹவில்தார் மாமா இருந்தார். ஓய்வு பெற்று வந்தவர், ராஜஸ்தானில் சில வருடங்கள் இருந்தவர். எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இதான்டா அசல் யூனிஃபார்ம். அங்க நாங்க போய் ரெண்டு நாள் ஆனா எல்லார் சட்டையும் மண்ணு கலர்தான். துவைச்சுப் போட்ட நாள்தான் பளிச்சுனு தெரிவோம்" என்றார்.

மாமா விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் தேடித் தேடிப் படித்தபோது, பாலைவன உருமறைப்புச் சீருடையின் மொத்தக் கதையும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும் போலத் தோன்றியது. சட்டையின் நிறத்தை முடிவு செய்ய வேண்டியது மண். அதை மறந்து அமைச்சரோ, அதிகாரியோ, ஃபேஷனோ முடிவு செய்த இடங்களில் எல்லாம் காசும் போயிருக்கிறது, சிப்பாய்க்குப் பாதுகாப்பும் குறைந்திருக்கிறது.

முதலில் காக்கியிலிருந்து ஆரம்பிப்போம். 'காக்' என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் தூசி, மண். 'காக்கி' என்றால் மண் நிறமுள்ளது. நம் ஊர் ஆட்டோக்காரர் போடுகிற அதே காக்கி. 1846-இல் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 'கைடுகள்' என்ற படைப்பிரிவைத் தொடங்கினார். அப்போது பிரிட்டிஷ் சிப்பாய் என்றாலே சிவப்புக் கோட்டுதான். அந்த வறண்ட மலைப்பக்கத்தில் சிவப்புக் கோட்டு ஒரு மைல் தள்ளியே தெரியும். ஆகவே உள்ளூரில் கிடைத்த சாயத்தை வைத்துத் தன் ஆட்களுக்கு மண் நிறத்தில் உடை கொடுத்தார். 1857 கிளர்ச்சியின்போது கோடைக்கான வெள்ளை உடையைத் தேயிலைச் சாற்றிலும் கையில் கிடைத்த வேறு சாயங்களிலும் முக்கிப் போட்டுக்கொண்ட பிரிட்டிஷ் படைகளும் உண்டு. 1880-களில் வெளுக்காத காக்கிச் சாயத்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை எடுத்த பிறகுதான் இது பெரிய அளவில் பரவியது. அதாவது, இன்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த நிறம் நம் துணைக்கண்டத்துப் புழுதியைப் பார்த்துப் பிறந்தது. மாமா சொன்னதைத்தான் லம்ஸ்டன் முன்கூட்டியே செய்திருக்கிறார்!

சரி, காக்கி இருக்கிறதே, அப்புறம் ஏன் புள்ளியும் பட்டையும்? நம் ஊர் மக்காச்சோளக் கொல்லையில் நடந்தவர்களுக்கு இது புரியும். காடை காலடியில் உட்கார்ந்திருக்கும். பறக்கும் வரை நமக்குத் தெரியாது. அதன் முதுகில் ஒரே நிறம் இல்லை. கீற்றும் புள்ளியுமாகச் சருகு மாதிரியே இருக்கும். நம் கண் ஓர் உருவத்தை அதன் ஓரக்கோட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. தோள், தலை, கால் என்ற கோடு தெரிந்தால் மனிதன் என்று மூளை சொல்லிவிடும். அந்தக் கோட்டைத் துண்டு துண்டாக உடைப்பதுதான் டிசைனின் வேலை. பெரிய பட்டைகள் தூரத்திலிருந்து பார்ப்பவனை ஏமாற்றும். சின்னப் புள்ளிகள் பக்கத்தில் இருப்பவனை ஏமாற்றும். புள்ளி மட்டுமே இருந்தால் தூரத்தில் எல்லாம் கலந்து ஒரே நிறமாகத் தெரியும். இரண்டும் சரியான அளவில் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், இரவில் பார்க்கும் கருவி. அது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பார்க்கும். பகலில் மண்ணோடு ஒட்டிப்போகிற சாயம் அந்தக் கருவியில் பளிச்சென்று தனியாகத் தெரியலாம். அதனால் சாயம் அதற்கும் பொருந்த வேண்டும். கடையில் விற்கிற 'பளிச்' சோப்புத்தூளில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கும். அதில் உருமறைப்புச் சீருடையைத் துவைத்தால் அந்தப் பலன் கெட்டுவிடும் என்று பல ராணுவங்கள் எச்சரிக்கின்றன. "துவைச்சுப் போட்ட நாள்தான் பளிச்சுனு தெரிவோம்" என்று மாமா சொன்னதில் இப்படியும் ஓர் அர்த்தம் இருக்கிறது.

இப்போது என் தோழனின் பேண்டுக்கு வருவோம். அந்த டிசைனுக்கு ஒரு பெயர் இருக்கிறது: 'சாக்லேட் சிப்'. பிஸ்கட்டில் சாக்லேட் துண்டு பதித்த மாதிரி இருப்பதால் சிப்பாய்களே வைத்த பெயர். அமெரிக்கர்கள் 1960-களில் உருவாக்கி 1980-களில் வழங்கியது. மொத்தம் ஆறு நிறம். அந்தக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் கூழாங்கல்லும் அதன் நிழலும். கலிஃபோர்னியாப் பக்கத்துக் கல் நிறைந்த பாலைவனத்தை மனதில் வைத்துச் செய்தது.

1990-91 வளைகுடாப் போரில் அதைப் போட்டுக்கொண்டு சவுதிக்கும் குவைத்துக்கும் போனார்கள். அங்கே பரந்த வெறும் மணல், கல் எங்கே? கூழாங்கல்லுக்காகப் போட்ட புள்ளிகள் மணலில் தனியாகத் தெரிந்தன. ஆறு நிறம் அச்சடிக்கச் செலவும் அதிகம். அதன் பிறகு அந்தப் பகுதி மண்ணையே ஒப்பிட்டுப் பார்த்து மூன்றே நிறத்தில் மங்கலான புது டிசைன் கொண்டுவந்தார்கள். ஆறு நிறம் செய்யாததை மூன்று நிறம் செய்தது. நம் கடைவீதியில் 'ஒரிஜினல் பாலைவன மாடல்' என்று விற்பது, பாலைவனத்தில் கைவிடப்பட்ட மாடல். தோழனிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை :-)

பிரிட்டனின் கதை வேறு மாதிரி. அவர்கள் உருவாக்கிய நான்கு நிறப் பாலைவன டிசைன் உடைகள் 1980-களில் ஈராக்குக்கு விற்கப்பட்டிருந்தன. 1990-இல் அதே ஈராக்கை எதிர்த்துப் போகவேண்டி வந்தது. எதிரியும் நாமும் ஒரே சட்டையா? அவசரமாக இரண்டு நிறத்தில் புதிதாகச் செய்தார்கள். 2003-இல் மறுபடி ஈராக் போர் வந்தபோது பாலைவன உடையும் பூட்ஸும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே எழுதியது. டிசைன் கையில் இருந்தும், சரக்கு கிடங்கிலிருந்து ஆள் கைக்கு வரவில்லை. எங்கள் பாடத்தில் இதை 'சரக்கிருப்பு மேலாண்மை' என்று பத்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்பார்கள். அங்கே கேள்வி உயிர்.

எனக்குக் கோபம் வந்த கதை ஆப்கானிஸ்தானுடையது. 2007-இல் அந்நாட்டு ராணுவத்துக்குப் புதுச் சீருடை தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்கப் பணம். இணையத்தில் ஒரு நிறுவனத்தின் டிசைன்களைப் பார்த்தார்கள். அதில் காட்டுப் பச்சையில் ஒன்று பாதுகாப்பு அமைச்சருக்குப் பிடித்துப்போனது. அதுவே முடிவானது. ஆப்கானிஸ்தானில் காடு எவ்வளவு தெரியுமா? நாட்டின் பரப்பில் சுமார் 2.1 சதவீதம். இதை 2017-இல் வெளிச்சம் போட்டுக் காட்டியது, அந்நாட்டின் மறுசீரமைப்புக்கான அமெரிக்கச் சிறப்புத் தணிக்கையாளர் அலுவலகம். அமெரிக்காவிடம் ஏற்கெனவே உரிமை உள்ள டிசைன்களை விட்டுவிட்டுத் தனியார் டிசைனை எடுத்ததால் சுமார் 28 மில்லியன் டாலர் கூடுதலாகச் செலவாகியிருக்கலாம் என்றது அந்த அறிக்கை. காசு போனால் போகட்டும். காய்ந்த மலையில் பச்சைச் சட்டையோடு நின்றவன் யார்? நம்மைப் போல இருபது வயதுப் பையன்.

அடுத்தது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. 2004-இல் அமெரிக்கத் தரைப்படை ஒரு முடிவெடுத்தது. காட்டுக்கு ஒன்று, பாலைவனத்துக்கு ஒன்று என்று எதற்கு இரண்டு? எல்லா இடத்துக்கும் ஒன்று போதும். சாம்பலும் வெளிர் பச்சையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் கொண்ட டிசைன் வந்தது. காகிதத்தில் பார்த்தால் அருமையான யோசனை. ஒரே துணி, ஒரே கிடங்கு, ஒரே கணக்கு. ஆனால் எல்லா நிலத்துக்கும் பொருந்த வேண்டும் என்று செய்தது பெரும்பாலான நிலத்தில் பொருந்தவில்லை. 2010-இல் ஆப்கானிஸ்தான் போன சிப்பாய்களுக்கு வேறு டிசைன் கொடுக்க வேண்டியதாயிற்று. 2019-இல் அதை முழுக்கக் கைவிட்டார்கள். இடையில் அங்கே ஒவ்வொரு படையும் தனக்கென்று ஒரு டிசைன் செய்துகொண்டதில் இரண்டாக இருந்தது ஏழு வகை கூடியது. தரைப்படை மறுபடி மாற்றினால் ஐந்தாண்டுகளில் 4 பில்லியன் டாலர் வரை ஆகலாம் என்று 2012-இல் அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்குச் சொன்னது.

அப்படியானால் 'எல்லாவற்றுக்கும் ஒன்று' என்பதே தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஒரே ரோந்தில் வறண்ட பாலையிலும் நடப்பார்கள், ஆற்றோரப் பச்சை வயலிலும் நடப்பார்கள். பாலைவனச் சட்டை வயலில் காட்டிக்கொடுத்தது. காட்டுச் சட்டை பாலையில் காட்டிக்கொடுத்தது. 2010-இல் இரண்டுக்கும் நடுவான ஒரு டிசைனுக்கு மாறினார்கள். அது நின்றது. சிப்பாய் நடந்த நிலத்தைப் பார்த்துச் செய்தால் ஒரே டிசைனும் வேலை செய்யும். கணக்கு நோட்டை மட்டும் பார்த்துச் செய்தால் செய்யாது.

இப்போது நம் நாட்டுக்கு வருகிறேன். 2022 ஜனவரி 15 ராணுவ தின அணிவகுப்பில் இந்தியத் தரைப்படையின் புதுப் போர்ச்சீருடை முதன்முதலாகக் காட்டப்பட்டது. நிஃப்ட் என்கிற தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. ஆலிவ் பச்சையும் மண் நிறங்களும் கலந்த, கட்டம் கட்டமான டிஜிட்டல் டிசைன். துணியும் பழையதைவிட லேசானது, சீக்கிரம் காய்வது. அதே ஆண்டு டிசைனுக்கு அறிவுசார் சொத்துரிமை பதிவு செய்ததாகவும், சிப்பாய்களுக்காக மொத்தம் 11.70 லட்சம் செட் வாங்கப் போவதாகவும் ராணுவம் அறிவித்தது. வெளிக்கடைகளில் விற்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நம் மாநிலத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. ராணுவத்துக்கு உடை தைக்கிற அரசு ஆலைகளில் ஒன்று ஆவடியில் இருக்கிறது.

நானும் கொஞ்சம் கணக்குப் போட்டேன். 11.70 லட்சம் செட் என்றால் ஒரு செட்டுக்கு 100 ரூபாய் கூடினாலே 11.70 கோடி. பாலைவனத்துக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு வகை கொடுத்தால் செலவு எங்கே போகும் என்று யோசியுங்கள். அதோடு நம் படைப்பிரிவுகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இன்று ஜெய்சல்மேர், மூன்று வருடம் கழித்து சிக்கிம். ஒவ்வொரு மாற்றலுக்கும் பெட்டி மாற்ற முடியாது. ஆகவே ஒரே டிசைன் என்ற முடிவை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தார் பாலைவனம் தனி விஷயம். அங்கே மணல்மேடு இருக்கிறது, மஞ்சள் கல் இருக்கிறது, முள்மரம் இருக்கிறது, மழை பெய்தால் புல்லும் உண்டு, கால்வாய் வந்த பக்கம் வயலும் உண்டு. தெற்கே கட்ச்சுக்குப் போனால் உப்பு பூத்து வெள்ளை வெளேர் என்று கிடக்கும். நம் பக்கத்திலேயே பாருங்களேன், பெரம்பலூர்ப் பருத்திக் காட்டில் கரிசல். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கப் பக்கம் வெளுத்த மண். இரண்டு மாவட்டத்துக்கே ஒரு நிறம் போதவில்லை. சியாச்சினிலிருந்து ஜெய்சல்மேர் வரை ஒரே பச்சைக் கலப்பு எப்படிப் போதும்?

என் கருத்து இதுதான். அடிப்படைச் சீருடை ஒன்றாகவே இருக்கட்டும். பனிப்பகுதியில் நம் சிப்பாய்கள் சீருடைக்கு மேல் வெள்ளை அங்கி போட்டுக்கொள்கிறார்கள் இல்லையா, அதே வழியை மணலுக்கும் பின்பற்றலாம். மெல்லிய துணியில், தார் மண்ணை அள்ளி ஒப்பிட்டுச் சாயம் போட்ட ஒரு தொளதொள மேலங்கி. ஆளுக்கு ஒன்று நிரந்தரமாகக்கூட வேண்டாம். படைப்பிரிவின் கிடங்கில் இருக்கட்டும்; வருகிறவர் வாங்கிப் போட்டுக்கொள்வார், மாறிப் போகும்போது திருப்பிக் கொடுப்பார். பேச்சுக்கு ஒன்று 500 ரூபாய் என்று வைத்தால் ஒரு லட்சம் அங்கிக்கு 5 கோடி. எல்லோருக்கும் இரண்டாவது சீருடை தைப்பதோடு ஒப்பிட்டால் இது சில்லறை. அதை ஓர் அறையில் ஓவியமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், காலை, உச்சி, சாயங்காலம் என்று மூன்று வேளையும் மணலில் ஆளை நிறுத்தி, எத்தனை மீட்டரில் கண்ணில் படுகிறான் என்று அளந்து முடிவு செய்ய வேண்டும். பாலைவனத்தின் நிறம் வெயிலோடு மாறும். பிரிட்டனின் சிறப்புப் படை 1960-களின் கடைசியில் தன் பாலைவன ஜீப்புகளுக்கு ரோஸ் நிறம் அடித்தது தெரியுமா? விடியலிலும் அந்தியிலும் அந்த நிறம்தான் மணலோடு கரைந்ததாம். மேசையில் உட்கார்ந்து யோசித்தால் ரோஸ் யாருக்குத் தோன்றும்?

"இப்பல்லாம் ட்ரோன் வந்துடுச்சு, உடம்புச் சூட்டை வெச்சே கண்டுபிடிச்சுடுவான், இன்னும் சட்டை கலரைப் பத்தி என்னடா?" என்று ஹாஸ்டலில் ஒருவன் கேட்டான். பாதி சரி. உக்ரைன் போரில் வெப்பத்தைப் பார்க்கும் கேமரா கட்டிய ட்ரோன்கள் இருட்டிலும் ஆளைத் தேடுகின்றன. அச்சடித்த எந்த டிசைனும் உடம்புச் சூட்டை மறைக்காது. ஆனால் எல்லா ட்ரோனிலும் அந்தக் கேமரா இல்லை. பகலில் சாதாரண கேமராவும் மனிதக் கண்ணும்தான் இன்னும் அதிகம். கதவை உடைத்துத் திறக்கிற திருடன் இருக்கிறான் என்பதற்காக யாரும் பூட்டுப் போடாமல் தூங்குவதில்லை. அதற்காகத்தான் சொல்கிறேன், கோடி கோடியாய்ப் புது டிசைன் வேண்டாம், மலிவான ஓர் அங்கி போதும் என்று.

கடைசியாக நம்மைப் போன்ற பையன்களுக்கு. மிலிட்டரி டிசைன் பேண்ட் போடுவது பெரிய குற்றம் என்று பயமுறுத்த மாட்டேன். சிப்பாய் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு அவர் உடையைப் போட்டால்தான் பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி தண்டனை. ஆனால் இன்றைய இந்திய ராணுவ டிசைனின் போலியை வாங்காதீர்கள். நாளைக்கு யாரோ ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு ஒரு முகாம் வாசலில் நின்றால், காவலில் இருப்பவருக்கு நம்மவனா வேற்றாளா என்று தெரிய வேண்டும்.

என் தோழன் சமாதானமாகி, இப்போது மறுபடி பேசுகிறான். இதையெல்லாம் சொன்னபோது அவன் கேட்டது ஒரே கேள்வி. "மச்சான், எனக்குக் கிடைச்சு ராஜஸ்தான்ல போட்டாங்கன்னா, அந்தச் சட்டை என்னைக் காப்பாத்துமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பேசாமல் டீயைக் குடித்தேன். பதில் தெரிய வேண்டியவர்கள், மணலில் ஆளை நிறுத்தி அளந்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டிய பதில் அது. நாளைக் காலை ஐந்து மணிக்கு அவன் மறுபடி ஓடப் போவான். அந்தச் சாக்லேட் சிப் பேண்டை அவன் அம்மா சொட்டுநீலம் போட்டு அலசி மொட்டைமாடிக் கொடியில் காயப் போட்டிருக்கிறார்கள். தெருமுனையிலிருந்தே தெரிகிறது.